கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

நேற்று ராத்திரி ரயிலில் ஒருவர், "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். இன்னும் இடுப்பு நிமிரவில்லை. நிமிர்வதற்குள் இந்தச் சொல்லைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் இதைக் கடிகாரத்துக்கும் பெல்ட்டுக்கும் வைத்திருந்தார்கள். நாம் ஆளையே திருகுகிறோம். அகராதியில் வேர் தேடினால், 'அருகே' என்று பொருள்படும் 'யுக்ஸ்தா' என்ற லத்தீன் சொல்லில் போய் நிற்கிறது. என் தொடையில் பாதியைப் பிடித்துக்கொண்டவர் லத்தீன் படித்தவராக இருக்க வேண்டும்.

அவருக்கு அப்பர் பெர்த், எனக்கு லோயர். முதலில் அவர் பைக்கு அட்ஜஸ்ட். அடுத்து பைக்குச் சொந்தக்காரருக்கு. அப்புறம் அடுத்த பெட்டியிலிருந்து மச்சான் வந்தார். சொந்தம் விட்டுப்போகக் கூடாதல்லவா, அதற்கொன்று. டிபன் டப்பா திறந்தது. இட்லிப்பொடி எண்ணெய் என் பேன்ட்டில் சொட்டியது. "நல்லெண்ணெய்தான் சார்" என்றார். மிடில் பெர்த்தை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் போடலாம் என்பது விதி. எட்டரைக்கே அந்த பெர்த்காரர் சங்கிலியை மாட்டிவிட்டார். கீழே மூன்று பேரும் கழுத்தை மடித்து உட்கார்ந்தோம். மச்சானுக்கு விளக்கெரிந்தால்தான் தூக்கம் வருமாம், சரி. போனில் சீரியல், அதுவும் சரி. கடைசியில் அப்பர் பெர்த்காரர், "முட்டி வலி சார், மேலே ஏற முடியாது" என்றார். அதே முட்டியோடுதான் விழுப்புரத்தில் இறங்கி ஓடி டீ வாங்கி வந்தார். நான் மேலே ஏறினேன்.

இதற்கு ஆர்.ஏ.சி. எவ்வளவோ மேல். ஒரு சைடு லோயரில் இரண்டு பேரை உட்கார வைத்து, இருவரிடமும் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால் 'கொஞ்சம்' என்று சொல்வதில்லை. எனக்குப் பயமே அந்தக் 'கொஞ்சம்'தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: அட்ஜஸ்ட் பண்ணச் சொல்பவர் ஒரு அங்குலம்கூட நகர்வதில்லை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றும்போது நமக்குச் சொல்வார், குறைக்கச் சொல்லிப் பாருங்கள், "அதெல்லாம் சரிப்பட்டு வராது."

கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதியில் பாதி இந்த ஒரு சொல்தான். மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தலைதீபாவளி மோதிரம் அவர் விரலில் இறங்கவில்லை என்றால் விரலையா அட்ஜஸ்ட் பண்ணுகிறார்கள்? மோதிரம்தான் ஆசாரியிடம் போகிறது.