பாய்க்கு மார்க்

முகாம் போகிறவர்கள் விரிக்கிற காற்றுப் பாய்க்கு ‘ஆர் மதிப்பு’ என்று ஒரு மார்க் உண்டு. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே பாயை வைத்து, வெப்பம் எவ்வளவு நழுவுகிறது என்று அளந்து போடுவது; குறைவாக நழுவினால் மார்க் அதிகம். 2018-இல் அமெரிக்காவில் இதற்குப் பொதுத் தரமே வந்துவிட்டது. 2-க்குக் கீழே கோடைக்கு. 4-க்கு மேலே உறைபனிக்கு. மலிவு விலைப் பாய்களில் பல, பரீட்சை எழுதாமலே பாஸானவை.

காரைக்காலுக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம் இந்த வழியாகவும் போகிறது. இரவில் சாலையோரமே முகாம். மேலே வியர்க்கிற முதுகு, கீழே பகலெல்லாம் வெந்த தரை. குளிர்ந்த தட்டுக்கு எங்கே போவது? இங்கே பாய் சூட்டைக் காக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். அந்தப் பரீட்சையில் பெயிலாகிற கோரைப்பாய்தான் இங்கே முதல் ராங்க். வியர்வை தங்காது, சுருட்டி அக்குளில் இடுக்கலாம், முள் குத்தினால் காற்றுப் போகாது.

பாய் கொண்டுவராதவர்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனர். விலை இல்லை, ஈரம் ஏறாது. வியர்வை மட்டும் விடியும்வரை முதுகிலேயே நிற்கும். தலைவர் முகத்தைக் கீழ்ப்பக்கமாகப் போடுவார்கள். மரியாதை என்று நினைக்க வேண்டாம், வழவழப்பில் வழுக்கும். மக்களைத் தாங்குவேன் என்ற வாக்குறுதி நிறைவேறுகிற ஒரே இடம் அதுதான்.

மார்கழியிலும் இந்த ஊர் இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே 4 மார்க் பாய் தள்ளுபடியில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல கொசுவலை வாங்குங்கள்.