இந்திரியைத் தொடக்கூடாது!

கேள்வி: சாமி குத்தம் என்ற பயத்தால் ஒரு காடு பிழைக்குமா? (வாசகர், தேனி)

பதில்: பிழைத்திருக்கிறது. மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காட்டில் பெட்சிமிசரகா மக்கள் பலர் இந்திரியைக் கொல்ல மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள். குரங்குகளுக்கு உறவான லெமூர்களில் இன்று உயிரோடிருப்பவற்றிலேயே பெரியது அது. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வால் பெயருக்குத்தான். தேன் எடுக்க மரமேறியவன் தேனீ கொட்டிக் கைநழுவி விழ, இந்திரி அவனைத் தாங்கிப் பிடித்ததாக அங்கே ஒரு கதை சொல்வார்கள். உயிர் காத்ததை உலையில் போட மனம் வருமா? இப்படி முன்னோர் விதித்த விலக்கை ‘ஃபாடி’ என்பார்கள். மீறினால் குடும்பத்துக்கே கேடு என்று நம்புகிறார்கள். வனக்காவலர் எட்டிப் பார்க்காத இடத்திலும் அந்த நம்பிக்கை காவல் இருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் பழைய வழக்கம் எல்லாமே காட்டுக்கு நல்லதா? (வாசகி, குற்றாலம்)

பதில்: இல்லவே இல்லை. அதே தீவில் அய்-அய் என்றொரு லெமூர் உண்டு. மெலிந்து நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஒளிந்திருக்கும் புழுவைத் தோண்டித் தின்னும். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் பல ஊர்களில் அதைப் பார்த்தாலே அபசகுனம் என்று அடித்துக் கொல்கிறார்கள். காட்டை வெட்டி எரித்து மலைநெல் விதைப்பதும் முன்னோர் வழிதான். வழக்கத்தின் வயதை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எரிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தினால் என்ன? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1881-லேயே அந்நாட்டு அரசு போட்டது, காட்டை எரித்தால் கைவிலங்கு. பிறகு வந்த பிரெஞ்சு ஆட்சியும் தடுத்தது. நெருப்பு அணையவில்லை. சோற்றுக்கு வேறு வழி காட்டாத தடை, பசித்தவனிடம் செல்லாது. 1996-ல் வந்த சட்டம் வேறு மாதிரி. காட்டை நிர்வகிக்கும் பொறுப்பை ஊராரிடமே ஒப்படைக்க அது வழி செய்தது. ஊர் கூடி ‘தீனா’ என்ற கட்டுப்பாட்டை முடிவு செய்யும். மீறியவர் அபராதம் கட்ட வேண்டும். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் சொந்தக்காரனுக்கே அபராதம் போடக் கை கூசும், வெளியூர்க்காரனோ மதிக்க மாட்டான். அரசு பின்னால் நிற்காவிட்டால் ஊர்க் கட்டுப்பாடு வெறும் பேச்சாகிவிடும்.

கேள்வி: இவ்வளவு விலக்கு இருந்தும் இந்திரி ஏன் அழிவின் விளிம்பில் நிற்கிறது? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: விலக்கு ஊராரைத்தான் கட்டும், தங்கம் தோண்ட வெளியிலிருந்து வருகிறவரைக் கட்டாது. 2009-ல் அந்நாட்டில் நேர்ந்த அரசியல் குழப்பத்தில் ரோஸ்வுட் மரம் கடத்தும் கும்பல்கள் தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே புகுந்தன. லெமூர் வேட்டையும் கூடியது. அந்தப் பூங்காக்கள் சில அடங்கிய கிழக்கின் அட்சினானானா மழைக்காடுகளை 2010-ல் யுனெஸ்கோ ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்திரி இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். இழப்பை அது எப்படி ஈடுகட்டும்?

கேள்வி: மிருகக்காட்சி சாலையில் வளர்க்கலாமே? (வாசகர், வண்டலூர்)

பதில்: கூண்டில் அது பிழைப்பதில்லை. காடு இருந்தால்தான் இந்திரி.

கேள்வி: அடுத்த ஆண்டு மடகாஸ்கர் போகிறேன். உங்கள் அறிவுரை? (வாசகி, கோவை)

பதில்: கிழக்கு மழைக்காட்டிலுள்ள அந்தாசிபேவுக்குப் போங்கள். இந்திரி கூட்டமாகக் குரலெடுத்தால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அங்கே மிட்சின்ஜோ என்ற உள்ளூர்ச் சங்கம் வழிகாட்டிகளை அனுப்புகிறது. அழிந்த காட்டில் மரக்கன்று நடுவதும் அவர்கள்தான். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அங்கே எதெல்லாம் ஃபாடி என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கல்லறையை நோக்கி விரல் நீட்டக்கூடாது; விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். வழிகாட்டியின் கூலியில் பேரம் பேசாதீர்கள். காடு நின்றால் தன் வீட்டு அடுப்பு எரியும் என்று அவர் கண்ணால் கண்டாக வேண்டும்.