ஆறுமுகனுக்கு எத்தனை நம்பர்?

கடன் கேட்கும் மச்சானிடமிருந்து தப்ப வழி காட்டச் சொல்லி, மலேசியாவின் பத்துமலையில் 272 படி ஏறினேன். வழி காட்டியதென்னவோ கைப்பேசிக் கடைத் தம்பிதான்: “ரெண்டாவது நம்பர் போடுங்கண்ணே. மைகாட் அடையாள அட்டை இருக்கா?”

இங்கே 140 அடி முருகன் சிலை திறக்கப்பட்டது 2006-இல். ப்ரீபெய்டு சிம்மைப் பெயர் பதியாமல் வைத்திருக்கக் கூடாது என்றானதும் அதே ஆண்டுதான். ஆறுமுகனே வந்தாலும் முகத்துக்கொன்று கிடைக்காது. ஒரு கம்பெனியில் ஆளுக்கு ஐந்துக்கு மேல் தருவதில்லை. இணையவழி நம்பரோ 0154 என்று தொடங்கும். பார்த்ததும் மோசடிக்காரன் என்று யாரும் எடுக்கமாட்டார்கள் (மச்சானைத் தவிர).

ப்ரீபெய்டே வாங்கினேன். மாலையில் முதல் அழைப்பு, மச்சான். நம்பர் கொடுத்தது என் மனைவி.