கிரைய ஜுரம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

வீடு வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒருசேரத் தாக்கும் மனக்கொதிப்புக்குக் 'கிரைய ஜுரம்' என்று இக்கட்டுரை பெயரிடுகிறது. ஆய்வுப் புலம் தமிழ்நாடு. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரத்தின் மூலமே விற்க வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அந்த 100 இன்னும் 100ஆகவே இருக்கிறது (இன்றைக்கு அதில் பத்துச் செங்கல் தேறினால் அதிகம்). ஆகவே ஜுரத்திலிருந்து சட்டப்படி யாருக்கும் விலக்கு இல்லை.

முதல் அறிகுறிகள் கண்ணுக்கே தெரியும். பார்ட்டி வருகிறது என்றதும் விற்பவர் சுவருக்கு வெள்ளையடித்து, முழங்கால் உயரத்தில் ஒரு முருகன் காலண்டரை மாட்டுகிறார். எந்தப் பக்தரும் சாமியை அந்த உயரத்தில் மாட்டமாட்டார் என்பதால், பின்னால் ஓதம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். வாங்க வந்தவரோ குழாயைத் திறந்து மூடி, டைல்ஸைத் தட்டி, மொட்டைமாடித் தண்ணீர் டேங்கை எட்டிப் பார்த்துவிட்டு, வீடு பிடித்துப்போனது முகத்தில் தெரிந்துவிடாமல், "ஹால் கொஞ்சம் சின்னதோ?" என்கிறார். கூடவந்த மனைவி "பூஜை ரூம் அம்சமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே இரண்டு லட்சம் போயிற்று.

"காலையில ஒரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க சார், சாயங்காலம் அட்வான்ஸோட வர்றாங்க" என்பார் புரோக்கர். இந்தப் பார்ட்டி மெய்யா மாயையா என்பது வேதாந்திகளின் துறை. விண்டவர் புரோக்கர், கண்டவர் எவருமில்லை.

அடுத்தது காகிதம். தாய்ப் பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கம், லீகல் ஒப்பீனியன். வில்லங்கச் சான்றிதழில் பதிவான அடமானம் வரும்; வாசல் தெற்குப் பார்த்திருப்பது மாமனாருக்குப் பிடிக்காத வில்லங்கம் வராது. அட்வான்ஸ் கொடுத்த கையோடு ஆடி பிறந்துவிட்டால் ஜுரம் ஒரு மாதம் நீளும். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் விடுவதைப் பார்த்தால், நோய்க்குப் பருவம் உண்டு என்பதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு கட்டி, விரல் ரேகை வைத்து, கேமராவுக்கு முகம் காட்டி வெளியே வரும்போது இருவருக்கும் ஜுரம் விட்டிருக்க வேண்டும்.

விடுவதில்லை. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று மண்ணுக்குள் கிடக்கும் புதையல் வரைக்கும் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடுகிறது. ஆனாலும் விற்றவர் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, மாமரம் காய்த்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். தரு கைமாறிவிட்டதை அவர் கழுத்து ஏற்கவில்லை.

இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். ஜுரத்தைப் பரப்பும் கிருமி விலை அல்ல, "எவ்வளவுக்கு முடிச்சீங்க?" என்று கேட்கும் நபர். எல்லாத் தெருவிலும் ஒருவர் உண்டு. வாங்கியவரிடம் அவர், "அடடா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பின் தெருவுலயே பத்து லட்சம் கம்மியா முடிச்சுக் குடுத்திருப்பேனே" என்கிறார். அதே வாரம் விற்றவரிடம், "அவசரப்பட்டுட்டீங்களேண்ணா, ஆறு மாசம் பொறுத்திருந்தா பத்து லட்சம் கூடப் போயிருக்குமே" என்கிறார். சாதாரணக் கணக்கில் ஒருவர் ஏமாந்தால் மற்றவருக்கு லாபம் வந்திருக்க வேண்டும். இங்கே இருவருக்கும் பத்துப் பத்து லட்சம் நஷ்டம். அந்த இருபது லட்சம் எங்கே போனது என்பது துலங்கவில்லை. கேட்டவர் இன்னமும் கிக்கர் உடைந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார். ஆகவே அவரிடம் இல்லை.

கிரையப் பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவதாக இந்த நபரையும் வரவழைத்து, விலையைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்று எழுதி ரேகை வாங்கிக்கொள்ளப் பதிவுத்துறை ஆவன செய்ய வேண்டும். அதற்கென அரை விழுக்காடு கூட்டிக் கேட்டாலும் இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவார்கள்.