யூ இல்லாத க்யூ: ஓர் இலக்கண ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் ஸ்கிராபிள் பலகை விரிக்கப்பட்டது. எதிரே எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன். ஆட்டம் முடியும் தறுவாயில் ஆய்வாளர் கையில் ஒரே ஒரு கட்டை மிஞ்சியது: க்யூ. மொத்தக் கட்டைகள் 100; அதில் க்யூ 1, அதற்குத் துணைபோக வேண்டிய யூ 4. அந்த நான்கும் பலகையில் வேறு எழுத்துகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

பையன் தன் கடைசிக் கட்டையை வைத்துவிட்டு, "க்யூவா மாமா?" என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில். ஆய்வாளர் கணக்கில் 10 கழிந்தது; அதே 10 அவன் கணக்கில் ஏறியது. "அந்த ஐ பக்கத்துல வச்சிருக்கலாமே. க்யூ, ஐ. அப்படி ஒரு வார்த்தை இருக்கு."

இவ்வாய்வு பிறந்த நேரம் அது.

2. கருதுகோள்

க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே தீரும் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற விதி. துணையின்றி நிற்க மாட்டாத எழுத்து நமக்கும் புதிதன்று. முன்னே ஒரு குறிலும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் இருந்தால்தான் ஆய்தம் எஃகு, அஃது என வாய் திறக்கும். அதற்கு இருபுறமும் ஆள் வேண்டும். க்யூவுக்கு ஒருபுறம் போதும். ஃபேனும் ஃபோனும் வந்து ஆய்தத்தின் ஒழுக்கத்தைக் கெடுத்தன. க்யூவைக் கெடுத்தது யார்?

3. ஆய்வெல்லை

சிறப்புப் பெயர்களை ஸ்கிராபிள் ஏற்பதில்லை. ஆகவே ஈராக்கும் கத்தாரும் இங்கே நுழையா. 1920இல் தொடங்கிய ஆஸ்திரேலிய விமான நிறுவனம் குவாண்டாஸும் அவ்வாறே. அப்பெயரில் யூ கிடையாது. இருப்பதாகவே பாவித்து ஊரார் 'குவா' என்கிறார்கள். பழக்கதோஷம்.

4. வரலாறு

யூவைப் பிரிந்த க்யூவைப் பார்த்து இரங்குவது தவறு. அது துணையை இழந்ததன்று; பிறவிப் பிரம்மச்சாரி. ஃபினீசியரிடம் அது 'கோஃப்' என்ற பெயரோடு தனியாகவே திரிந்தது. இத்தாலிக்குப் போன பிறகே எட்ருஸ்கரும் ரோமானியரும் அதற்கு யூவைக் கட்டிவைத்தார்கள். பழைய ஆங்கிலம் இந்தத் தம்பதியைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. 'குவீன்' என்ற சொல்லையே சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதியது. 1066இல் நார்மன்கள் வந்தார்கள். அவர்களுடைய எழுத்தர்கள் அரசியின் பெயரையே மாற்றி எழுதினார்கள்.

5. வகைப்பாடு

ஓரெழுத்தின் இடத்தில் வேறோரெழுத்து வந்தும் பொருள் மாறாதது போலி. க்யூவை அடுத்து யூ வராத சொற்கள் பலவற்றை 'கே' போட்டும் எழுதலாம் ஆகலின், நம் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது.

முதற்போலி: 'காத்'. க்யூ, ஏ, டி. யேமனில் வெற்றிலைபோல் கன்னத்தில் அடக்கி மெல்லும் போதையிலை.

இடைப்போலி: 'ஃபக்கீர்'. எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். பொருள் சொல்ல வேண்டியதில்லை.

கடைப்போலி: 'ஊமியாக்'. இன்யூயிட் மக்கள் கடல்விலங்கின் தோலை இழுத்துக் கட்டிச் செய்யும் திறந்த படகு. இதில் யூ உண்டு. ஆனால் சொல்லின் ஒரு கோடியில் அதுவும் மறுகோடியில் க்யூவும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப்போல.

கடைக்குறை: 'டிராங்க்'. மயக்கமருந்தைக் குறிக்கும் நீண்ட சொல்லில் க்யூவும் யூவும் கூடியேதான் இருந்தன. சோம்பேறி நாக்கு க்யூவோடு நிறுத்திக்கொண்டது. இங்கே மட்டும் நிஜமான பிரிவு.

இடுகுறியா காரணமா என வழக்கிலுள்ளது: 'குவெர்ட்டி'. தட்டச்சுப் பலகையின் மேல்வரிசையில் முதல் ஆறு எழுத்துகள். நாவில் பிறக்காமல் விரலில் பிறந்த சொல்.

6. கடாவும் விடையும்

'கே' சும்மா இருக்கையில் க்யூவை இழுத்தது எற்றுக்கெனின்: அரபியில் ககரம் இரண்டு. ஒன்று நம் ககரம்போன்றது. மற்றது உள்நாக்கருகே பிறப்பது. முன்னதற்குக் 'கே' கொடுத்தாயிற்று. பின்னதற்கு, வேலையின்றி இருந்த க்யூவை அமர்த்தினர். 'கனாத்' பாரசீகத்திலிருந்து அப்படி வந்தது. மலையடிவார நீரை, சாய்வாக வெட்டிய சுரங்கத்தின் வழியே, இறைக்காமலே ஊருக்குக் கொண்டுவரும் கால்வாய் அது. ஈரானின் கனாத்துகள் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

பையன் சொன்ன க்யூ, ஐ வேறு வழியில் வந்தது. 1958இல் சீனா ஏற்ற பின்யின் முறையில், சகரத்தை ஒத்த ஓர் ஒலியைக் க்யூவிடம் ஒப்படைத்தார்கள். பொருள்: உடலில் ஓடும் உயிராற்றல். ஒலிப்பு: 'ச்சீ'. தோற்ற அன்று ஆய்வாளர் வாயில் வந்ததும் அதே சொல்தான், பொருள் வேறு. க்யூவை மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இச்சொல் அமைந்தால் 62 புள்ளி என்பதையும் வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறோம்.

7. களப்பணி

அடுத்த ஞாயிறு. பட்டியல் மனப்பாடம். ஆய்வாளர் நான்கு கட்டைகளில் ஒரு சொல்லை அமைத்தார்: டபிள்யூ, ஏ, க்யூ, எஃப். 19 புள்ளி.

"வக்ஃப்பா? போங்கு மாமா. இப்படி ஒரு வார்த்தையே கிடையாது."

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "வக்ஃபு வாரியம்னு நாகூர் போற வழியில போர்டு பாத்ததில்லையாடா? நல்ல காரியத்துக்குன்னு எழுதி வைக்கிற சொத்து."

அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆய்வாளர் பட்டியலை எடுத்துவந்து வரிசையாகக் கேட்டார். தலாக் தெரியும். புர்கா தெரியும். ஃபக்கீர்? "பக்கிரிசாமிதானே உங்க தாத்தாவுக்குக் கணக்கெழுதினாரு." ஊமியாக்குக்கும் கனாத்துக்கும் மட்டும் கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டபடி உதட்டைப் பிதுக்கினார்.

8. கண்டறிந்தவை

அகராதிக்காரருக்கு அரிய சொல், யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் தினமும் புழங்குகிறது. அம்மா விட்டுவிட்ட இரண்டையும், ஈரானின் யஸ்த் நகரத்தில் ஒரு பாட்டியும் பனிநாட்டில் ஒரு பாட்டியும் வேலையை நிறுத்தாமலே சொல்லிவிடுவார்கள் என்பது பெற்றாம்.

"அம்மாச்சி உன் கட்சியா மாமா?" என்று பையன் ஆட்சேபம் எழுப்பினான். நிராகரிக்கப்பட்டது. 19 புள்ளியும் கணக்கில் ஏறின. அந்த ஆட்டத்திலும் ஆய்வாளர் தோற்றது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.