ஏழு சதவீத வாசகர்

கொச்சியின் தோப்பும்படி ஜங்ஷனில் ஆலுவா பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் கிண்டில்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கடை நிழலில் ஒதுங்கி, கைபேசித் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பார்கள். இவர் மட்டும் நடு வெயிலில் நின்று, மின்நூல் படிக்கும் தன் கருவியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்திருப்பார்.

“பாருங்க, எழுத்து எப்படிப் பளிச்சுனு தெரியுது! உங்க போன்ல தெரியுமா?”

தெரியாதுதான். வெயிலில் நின்று படித்தே தீரவேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

ஊருக்கு ஊர் இந்த இனத்தில் ஓரிருவர் உண்டு. எங்கள் பக்கத்துக் கிண்டில்காரர் தமிழர். தாத்தா காலத்தில் மிளகு, சுக்கு வியாபாரத்துக்காக மட்டாஞ்சேரி வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். கருவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆங்கிலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், பேச்சிலிருந்து இன்னும் பெறவில்லை. “எதுக்கு சார் இது?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “டிராவலுக்கு!”

அவருடைய டிராவல் என்ன என்று பார்த்தால், வருஷத்துக்கு ஒரு தடவை சென்னை, எப்போதாவது கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். மற்றதெல்லாம் தோப்பும்படியிலிருந்து எர்ணாகுளம் மேனகா வரைதான். அந்தச் சின்ன வழியில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஹார்பர் பாலம், காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய வில்லிங்டன் தீவு, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள், வெண்டுருத்திப் பாலம். இவர் தலையைத் தூக்குவதில்லை. ஒரு கை மேலே கம்பியில், மறு கையில் கருவி, கட்டைவிரலால் ஒரு தட்டு, பக்கம் மாறும். கண்டக்டர் “சேட்டா, ஒந்நு நீங்ஙி நிக்கு” என்று மூன்று முறை சொன்ன பிறகு அரை அடி நகர்வார். நியாயமாகச் சொல்லவேண்டும்: நெரிசலில் ஒற்றைக் கையால் காகிதப் புத்தகம் படிக்க முடியாது. கம்பியை விட்டுவிட்டுப் பக்கம் திருப்பியவர்களை டிரைவரின் பிரேக் முன்வரிசைக்கு அனுப்பியிருக்கிறது.

பக்கத்தில் நிற்பவர் வாய் தவறி “இது டேபா?” என்று கேட்டுவிட்டால் போயிற்று. டேப் இல்லை என்று ஆரம்பித்து, 1997க்குப் போய்விடுவார். அந்த வருஷம் அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்காரர்கள் ‘ஈ இங்க்’ கம்பெனியைத் தொடங்கியது, திரைக்குள்ளே தலைமுடி கனத்தில் லட்சக்கணக்கான குமிழிகள் இருப்பது, ஒவ்வொரு குமிழியிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மின்சாரத்துக்கு ஏற்ப மேலே வருவதும் கீழே போவதும் எல்லாம் வரும். “பக்கம் மாறும்போது மட்டும்தான் சார் கரண்ட் செலவு! எழுத்து சும்மா நிக்கிறதுக்கு ஒரு பைசா கரண்ட் வேண்டாம்!” 2007 நவம்பரில் முதல் கிண்டில் 399 டாலர் விலைக்கு வந்து ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்ததைச் சொல்லும்போது, தானே கவுண்டரில் உட்கார்ந்து விற்றவர் மாதிரி முகம் மலரும். கேட்டவர் தேவரையிலேயே இறங்கிவிடுவார். அவர் இறங்கவேண்டிய இடம் அதுதானா என்பது எனக்குச் சந்தேகம்.

இவருடைய உண்மையான அரங்கம் ரயில். மாலையில் எர்ணாகுளம் சவுத்திலிருந்து ஆலப்புழை–சென்னை எக்ஸ்பிரஸ். வண்டி கிளம்பும் முன்பே கருவி வெளியே வந்துவிடும். எதிர் சீட்டுக்காரருக்கு ஒரு பழைய பழக்கம்: வண்டியில் ஒருவர் பத்திரிகை வாங்கினால் அது பெட்டிக்கே சொந்தம். நாளிதழை ஒருவர் வாங்குவார், நடுத்தாளை இன்னொருவர் உருவிக்கொள்வார், விளையாட்டுப் பக்கம் மேல் பெர்த்துக்குப் போகும். பாலக்காடு வருவதற்குள் ஒரு விகடனை ஆறு பேர் படித்து முடித்திருப்பார்கள். கிண்டிலில் உருவ எதுவும் இல்லை. எதிர் சீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, “என்ன சார் படிக்கிறீங்க?” என்று கேட்பார்.

“இப்ப ஏழு சதவீதம்.”

பக்க எண்ணை விட்டுச் சதவீதத்துக்கு மாறிவிட்டவர் அவர். ஆனால் எப்போது கேட்டாலும் ஏழுதான். கருவிக்குள் தொள்ளாயிரம் புத்தகம் இருக்கிறது என்பார். அதுதான் வினை. காகிதப் புத்தகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினால் அதோடு கட்டிப்போட்ட மாதிரிதான். முதல் அறுபது பக்கம் இழுத்தாலும் வேறு வழியில்லாமல் படித்து, ஷொறணூர் தாண்டும்போது கதை சூடுபிடித்துவிடும். இவருக்கு வழி தொள்ளாயிரம். நாயகன் ஊருக்குள் நுழையும் முன்பே இவர் வேறு நாவலுக்குப் போய்விடுவார். தமிழ் நாவல்களின் முதல் அத்தியாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் இவரை அணுகலாம். முடிவுகளைப் பற்றிக் கேட்கக் கூடாது.

ரகசியம் என்பது இந்தக் கருவியின் பெரிய சௌகரியம். மேலட்டை கிடையாது. திருமந்திரம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ராஜேஷ்குமார் படிக்கலாம்; படிக்கிறார். ஆனால் அதே காரணத்தால் ஒரு நஷ்டமும் உண்டு. 1997இல் வந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ போன்ற கனமான நாவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு காலத்தில் டி.டி.இ.கூட மரியாதையாக டிக்கெட் கேட்பார். கிண்டிலில் விஷ்ணுபுரமும் அதே தடிமன், ஜோக்குப் புத்தகமும் அதே தடிமன். இவர் என்ன செய்வார் பாவம், “விஷ்ணுபுரம்…” என்று தானாகவே முணுமுணுத்துக்கொள்வார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பத்து மணிக்கு எல்லாரும் விளக்கை அணைக்கச் சொல்லுவார்கள். இங்கே மட்டும் நான் கிண்டில்காரர் கட்சி. திரைக்கு உள்ளேயே மெல்லிய வெளிச்சம். யார் தூக்கத்தையும் கெடுக்காது. அந்த வெளிச்சத்தில் அவர் எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதைப் பக்கவாட்டில் பார்த்தேன். பகலில் தனக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்பவர். ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்து பெரிதாகி, கடைசியில் பக்கத்துக்கு நாலு வரி நின்றது. தமிழ் வார்த்தைகளின் நீளம் தெரிந்ததுதானே. ‘கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் ஒரு வரி அதற்கே போய்விடும். ஒரு வாக்கியம் முடிய மூன்று தட்டு. ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் பேட்டரி, எடை என்று ஆயிரம் சொல்வார்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதுதான் காரணம். அதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வேறு நாடகம். பஸ்ஸின் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டாலும் ஓர் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டைக்குக் கீழேதான் கிண்டில்காரருக்கு இடம் கிடைக்கும். துளி விழுந்தால் கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குத் துளிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. டப், டப், டப் — மூன்று பக்கம் போய்விடும். ஒருமுறை இப்படி மழையே படித்துத் தள்ளியதில், கொலை நடப்பதற்கு முன்பே போலீஸ் வந்துவிட்டது.

அவரைக் கேலி செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். தோப்பும்படியில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் புத்தகம் வாங்குவது எப்படி? கொச்சிக் கடைகளில் மலையாளமும் ஆங்கிலமும் அடுக்கியிருக்கும். தமிழ் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் போகிறவரிடம் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். அவர் சீட்டைத் தொலைத்துவிட்டு மைசூர்பா வாங்கி வருவார். 2016 கடைசியில் கிண்டில் கடையில் தமிழும் மலையாளமும் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகள் வந்தபோது, எல்லைக்கு வெளியே இருக்கும் தமிழர்களுக்கு நடுராத்திரியிலும் திறந்திருக்கும் ஒரு கடை கிடைத்தது. அதற்கு முன்பே, 1998 முதல், மதுரைத் திட்டத்துக்காரர்கள் சங்க இலக்கியம் தொடங்கி எல்லாவற்றையும் தட்டெழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் ஐந்து பாகப் பொன்னியின் செல்வனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது சின்ன விஷயமா?

இலவசத்துக்கு உண்டான தண்டனையும் உண்டு. ஸ்கேன் செய்து எடுத்த சில கோப்புகளில் காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும். கதாநாயகி ‘கரதல்’ வசப்பட்டுக் கண்ணீர் விடுவாள். இவர் அதையும் விடாமல் உச்சரித்துப் படிப்பார்.

“வாங்கின புக்கு நம்ம புக்குதானே?” என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்சம் மௌனமானார். 2009 ஜூலையில் நடந்தது அவருக்கும் தெரியும். உரிமை இல்லாதவர்கள் விற்றுவிட்டார்கள் என்று, வாடிக்கையாளர்களின் கிண்டில்களிலிருந்து ஒரு புத்தகத்தை அமேசான் தூரத்திலிருந்தே அழித்தது. அது ஆர்வெல்லின் ‘1984’. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு ஜெஃப் பெசோஸே மன்னிப்பும் கேட்டார். என்னிடம் புத்தகம் இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தராமல் இருந்திருக்கிறார்கள். விற்றவர் யாரும் அலமாரிக்குள் கைவிட்டு எடுத்துப் போனதில்லை.

பொங்கல் சமயத்தில் அவர் சென்னை போவது புத்தகக் காட்சிக்காக. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கிய காட்சி அது. “கிண்டில் இருக்கு, சும்மா பாத்துட்டு வருவேன், ஒரு கைப்பைதான்” என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டுப் போவார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் முதல் மூன்று அரங்கு வரை சத்தியம் நிற்கும். நாலாவதில் அவருக்குப் பிடித்த எழுத்தாளர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இவர் வரிசையில் நின்று, முறை வந்ததும், “சார், உங்க நாவல் என்கிட்ட இருக்கு” என்று கருவியை நீட்டுவார். எழுத்தாளர் பேனாவைத் திறந்தபடி திரையையே பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் இருமுவார்கள். வேறு வழி? பத்து சதவீதக் கழிவில் அதே நாவலைக் காகிதத்தில் ஒருமுறை வாங்கவேண்டியதுதான். ஒன்று வாங்கிய கை நிற்குமா? திரும்பி வரும்போது பெர்த்துக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். வீட்டில் கேட்டால், “கிண்டில்ல கிடைக்காததை மட்டும்தான் வாங்கினேன்” என்பார். மனைவி எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்டியை வைக்க இடம் தேடுவதே அந்த அம்மாவுக்குப் பெரிய வேலை.

ஒரு சாயங்காலம் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் நடக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். தோப்பும்படியில் பாதித் தமிழ் அங்கேதான் கேட்கும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கிருந்துதான் ஆழ்கடலுக்குப் போகிறார்கள்; போனால் வாரக்கணக்கில் கரை கிடையாது. ஒரு போட்டில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. கிண்டில்காரருக்குத் திடீரென்று ஞானோதயம்: இந்தக் கருவி பிறந்ததே இவர்களுக்காகத்தான்!

“தம்பி, ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்கா நிக்கும்.”

“கொள்ளாமே! தண்ணி பட்டா?”

“ரெண்டு மீட்டர் ஆழத்துல ஒரு மணி நேரம் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது.” சொல்லிவிட்டார். ஆனால் மனிதர் நேர்மையானவர், கையேட்டை முழுசாகப் படித்தவர் (அதை மட்டும் நூறு சதவீதம்). “அது நல்ல தண்ணிக் கணக்கு. கடல் தண்ணின்னா… கால் மீட்டர் ஆழம், மூணு நிமிஷம்.”

“கால் மீட்டரா? நாங்க போற எடத்துல அப்பிடிக் கடல் இல்லியே அண்ணே.” மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். “சினிமா ஓடுமா இதுல?”

“ஓடாது.”

“போன் பேசலாமா?”

“முடியாது.”

“அப்போ இது புக்கு. புக்கு எங்ககிட்ட கெடக்கு” என்று உள்ளே போய் ஒரு பாக்கெட் நாவலைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை. உப்புக் காற்றில் ஊறி இட்லி மாதிரி உப்பியிருந்தது. “இதுல கடைசிப் பக்கங்க போச்சு அண்ணே. கொன்னவன் டிரைவரா, மச்சானான்னு தெரியல. ரெண்டு சீசனா சண்ட. உங்க மெஷின்ல இது உண்டுமா?”

கிண்டில்காரர் உட்கார்ந்தார். கைபேசியிலிருந்து இணையம் கொடுத்தார், தேடினார். இருந்தது. ஐஸ் ஏற்றுவது நின்றுவிட்டது. அவர் முதல் பக்கத்தைத் திறந்து, முன்னுரையை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, கடைசி! கடைசி!”

தடுமாறிக் கடைசி அத்தியாயத்துக்குப் போனார். பெரிய எழுத்து ஆகையால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று தட்டு. போட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மச்சான்தான். ஐந்நூறு ரூபாய் அங்கேயே கைமாறியது. தோற்றவர் மட்டும், மெஷினில் இருப்பது வேறு பதிப்பு என்று கடைசிவரை வாதாடிக்கொண்டிருந்தார்.