தட்டினாலும் திறக்காத தட்டு

கேள்வி: அப்பா எழுதிவைத்த கோயில் கணக்குப் புரோகிராம் அவருடைய 486 கணினியில், டொஸில், இன்றும் ஓடுகிறது. போன கிழமை அதற்கு ஒரு சீடி ட்ரைவ் பூட்டினேன். விளக்கு எரிகிறது, டி என்று அடித்தால் மட்டும் அப்படியொரு ட்ரைவே இல்லை என்கிறது. கடையில் 'உதைத் தூக்கி எறியுங்கோ' என்கிறார்கள். எறியவா? *(கொக்குவில் வாசகி)*

பதில்: எறியாதேயுங்கோ, தங்கச்சி! விளக்கு எரிந்தால் ட்ரைவுக்குக் கரண்ட் போகிறது, அவ்வளவுதான். டொஸ் பிறந்தது 1981இல். பாட்டுச் சீடியே அடுத்த வருடந்தான் கடைக்கு வந்தது. யாராவது அறிமுகம் செய்துவைக்கும்வரை டொஸ் சீடி ட்ரைவை ஏறெடுத்தும் பாராது.

அறிமுகத்துக்கு இரண்டு பேர் வேண்டும். முதல் ஆள், ட்ரைவோடு பேசத் தெரிந்த ட்ரைவர் கோப்பு. கொன்ஃபிக்.சிஸ் கோப்பில் ஒரு வரி போட்டு அவரை அழைக்கிறோம். அந்த வரியின் கடைசியில் ட்ரைவுக்கு ஒரு பெயர் வைக்கிறோம். வழமையாக வைப்பது எம்எஸ்சீடி001. இரண்டாம் ஆள் எம்எஸ்சீடெக்ஸ். அவரை அழைப்பது ஓட்டோஎக்செக்.பற் கோப்பில். அவர் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, அதற்கு டி என்ற எழுத்தைக் கொடுப்பார். டொஸ் 6 என்றால் உங்கள் டொஸ் ஃபோல்டருக்குள்ளேயே அவர் இருக்கிறார்.

இரண்டு கோப்பிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். சைபர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' விழுந்தாலும் ஆளைத் தெரியாது என்றுதான் பதில் வரும். இதை யாழ்ப்பாணத்தாருக்கு விளங்கப்படுத்தவே தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் காணிக்கு ஒரு பெயர், பெட்டிக்குள் இருக்கிற உறுதியில் இன்னொரு பெயர் என்றால் எத்தனை வருட வழக்கு! என்னிடம் வந்த இப்படியான கணினிகளில் பாதிக்கு மேல் நான் திருப்புளியைத் தொடவே இல்லை. பெயரைத் திருத்தினேன், ட்ரைவ் எழும்பி வந்தது.

கணினி தொடங்கும்போது திரையைக் கண் எடுக்காமல் பாருங்கள். உங்கள் ட்ரைவின் மொடல் பெயர் ஒரு கணம் தோன்றினால் முதல் ஆள் வேலையைச் செய்துவிட்டார், பிழை இரண்டாம் வரியில். ஒன்றுமே தோன்றாவிட்டால் முதல் வரியையும் வயரையும் பாருங்கள். பட்டை வயரின் சிவப்புக் கரை முதலாம் பின்னோடு சேரவேண்டும். அந்தப் பின் பெரும்பாலும் கரண்ட் வயர் குத்துகிற பக்கமே இருக்கும்.

இதையெல்லாம் தொட முன்னர் ஒரு வேலை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஐடிஈ–யூஎஸ்பி வயர் ஒன்றால் புதுக் கணினியில் மாட்டி, அப்பாவின் கணக்கு முழுவதையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். முப்பது வயது ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு போகாது.

கேள்வி: ட்ரைவோடு வந்த ட்ரைவர் டிஸ்கெட் துலைந்துவிட்டது. என்ன செய்ய? *(நெல்லியடி)*

பதில்: விண்டோஸ் 98இன் தொடக்க டிஸ்கெட் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதிலுள்ள ஓக்சீடிறொம்.சிஸ், ஐடிஈ ட்ரைவ்களில் பெரும்பாலானவற்றோடு ஒத்துப்போகும்.

கேள்வி: ட்ரைவ் வேலை செய்கிறது. ஆனால் இப்போது பழைய புரோகிராம் 'மெமரி போதாது' என்று நிற்கிறது! *(மானிப்பாய்)*

பதில்: வீட்டுக்கு ஆள் கூடினால் திண்ணை நெருங்கத்தானே செய்யும், தம்பி! மெமரிச் சிப் எவ்வளவு பூட்டியிருந்தாலும் டொஸ் புரோகிராம்கள் குந்தியிருக்கும் திண்ணை 640 கிலோபைட்டுத்தான். ஓக் கோப்பின் அளவே 41 ஆயிரம் பைட்டுக்கு மேலே. அதே வேலையைச் செய்யும் ஏசரின் விடீ-சீடீடீ.சிஸ் 11 ஆயிரம் சொச்சம். அதை மாற்றிப் போடுங்கள். பிறகு ஹைமெம், ஈஎம்எம்386 இரண்டையும் ஏற்றி, டிவைஸ் என்று தொடங்கும் வரியை டிவைஸ்ஹை ஆக்குங்கள். எம்எஸ்சீடெக்ஸுக்கு முன்னால் எல்எச் சேருங்கள். இரண்டு பேரும் மேல்மாடிக்குப் போவார்கள், திண்ணை வெளிக்கும்.

கேள்வி: என் ட்ரைவ் சவுண்ட் கார்டில் மாட்டியிருக்கிறது. அதே 40 பின் வயர்தானே, மதர்போர்டில் குத்தலாமா? *(சாவகச்சேரி)*

பதில்: குத்தாதேயுங்கோ. 1990களின் தொடக்கத்தில் பனசோனிக், மிட்சுமி, சோனி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தன. பனசோனிக்குக்கும் மிட்சுமிக்கும் 40 பின் என்பதால் பார்வைக்கு ஐடிஈ போலவே இருக்கும், பேச்சு வேறு. ட்ரைவின் முதுகில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருந்தால் அது ஐடிஈ. இல்லாவிட்டால் இருந்த கார்டிலேயே இருக்கவிட்டு, அந்தக் கம்பனிக்குரிய ட்ரைவரைத் தேடுங்கள்.

கேள்வி: பொத்தானை அமத்தினால் 'ங்ங்' என்று முனகுகிறது. தட்டு வெளியே வரவில்லை. *(பருத்தித்துறை)*

பதில்: மோட்டருக்கு உயிர் இருக்கிறது, இறப்பர் வாருக்குத்தான் இல்லை. கரண்டை நிறுத்துங்கள். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, முன்பக்கத்துச் சின்னத் துவாரத்துக்குள் நேரே விட்டு மெல்லத் தள்ளுங்கள். தட்டு ஒரு விரற்கடை வெளியே வரும். மிச்சத்தைக் கையால் இழுக்கலாம். முகப்பைக் கழற்றினால், தட்டுக்குக் கீழே, மோட்டரின் சின்னச் சில்லையும் பெரிய பிளாஸ்டிக் சில்லையும் சுற்றி ஒரு கறுப்பு வார் தெரியும். நல்ல வார் மங்கல் கறுப்பு. உங்களுடையது எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும், தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். எங்கள் கடற்கரை வெக்கையில் இறப்பர் சீக்கிரம் இளகிவிடும்.

இரண்டு சில்லையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வார் இளகாமல் வெறுமனே தளர்ந்திருந்தால், கொதித்து இறக்கிய நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். சுருங்கிச் சில மாதம் உழைக்கும். அதற்குள் புது வார் தேடிக்கொள்ளலாம். எண்ணெய் மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம்!

கேள்வி: கடையில் வாங்கிய சீடியை வாசிக்கிறது, நான் எழுதிய சீடியை வாசிக்கவில்லை. *(வேலணை)*

பதில்: திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சீடியில் எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது. அது லேசர் ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும், பழைய ட்ரைவின் கண்ணுக்குப் போதாது. ஒருமுறை மட்டும் எழுதும் சீடியில் மெதுவான வேகத்தில், ஐஎஸ்ஓ 9660 முறையில் எழுதி முடித்து மூடுங்கள். கோப்புப் பெயர் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து. இதற்கு மேல் டொஸ் பெயர் கூப்பிடாது.

கேள்வி: சீடியிலிருந்து அம்மம்மாவின் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கிறது. பழுதாகிவிட்டதா? *(ரொறன்ரோவிலிருந்து)*

பதில்: 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று எங்கேயாவது இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அது 'அம்மா'. பாமினி எழுத்துருவில் 'அ'வுக்கு எம், 'ம'வுக்கு கே, குற்றுக்கு அரைப்புள்ளி, அரவுக்கு எச். ஒரு எழுத்தும் கெடவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டெடுங்கள், அம்மம்மா பேசுவார்.

கேள்வி: இந்த டொஸெல்லாம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கணினி ஓடியதா, ஐயா? *(திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்)*

பதில்: நல்ல கேள்வி, தம்பி. எம்எஸ்சீடெக்ஸைச் சேர்த்துக்கொண்டு டொஸ் 6 வெளிவந்தது 1993இல். அந்த வருடம் யாழ்ப்பாணத்து மின்கம்பியில் கொடி காய்ந்தது. போரில் 1990இலேயே கரண்ட் நின்றுவிட்டது; பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் றேடியோ பூட்டிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுப் படித்தோம். இருந்த கொஞ்சக் கணினிகளும் ஜெனரேற்றர் முனகும் நேரத்துக்குத்தான் விழித்திருந்தன. இன்னும் ஒன்று தெரியுமா? உன்னுடைய பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்துறை தொடங்கியது 1991இல், அந்த இருட்டுக்குள்ளே. அதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் எனது கணினி 1980 ஜனவரி 1 என்கிறது. சீடி ட்ரைவ் பூட்ட முன் இதைத் திருத்தவேண்டுமா? *(சுன்னாகம்)*

பதில்: கட்டாயம், இன்றைக்கே. டொஸின் நாட்காட்டியில் முதல் நாள் அது. எரிக்கப்படுமுன் எங்கள் யாழ்ப்பாண நூலகம் 97 ஆயிரம் புத்தகத்தோடு எழும்பி நின்ற காலம். அந்தத் திகதி திரையில் வரும்போதெல்லாம் ஒரு கணம் கை நின்றுவிடுகிறது எனக்கு. திகதி பின்னுக்குப் போவதற்குக் காரணம் பற்றரி. நாணயம்போல் வட்டமாக இருந்தால் புதியதை மாற்றினால் போதும். 386, 486 மதர்போர்டில் நீலப் பீப்பாபோல் ஒன்று பற்றாசு வைத்து ஒட்டியிருந்தால் அதை இன்றே வெட்டி எடுங்கள். அது கசியும், கசிந்தால் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். பச்சைப் பூஞ்சைபோல் ஏதும் படிந்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் ஒற்றி, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். திகதி கேட்கும், இன்றைய திகதியை அடித்துவிட்டு, ட்ரைவைப் பூட்டத் தொடங்குங்கள்.